மிஸ்டு கால் எந்தப் பக்கம் போகிறது?

'நோயாளிகளோடு சேர்ந்து வடிவமைப்போம்' என்பது இன்று மருத்துவத் தொழில்நுட்பம் பேசுகிற எல்லோர் வாயிலும் புழங்குகிறது. ஏழைகளை, பெண்களை, எழுத்தறியாதவர்களைக் கூட்டி உட்காரவைத்து 'பட்டன் தெரியுதா, குரல் புரியுதா' என்று கேட்டுவிட்டால் பங்கேற்பு முடிந்தது. சரி, பிரச்சினை எதுன்னு முடிவு பண்ணது யாரு? அது கூட்டம் தொடங்கும் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. காசநோயை வைத்து இதைப் பார்க்கலாம்.

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நெருக்கடியான வீடுகளில், சத்தில்லாத சாப்பாட்டோடு வாழ்ந்த நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்தில் படுக்கவைக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த பலன் ஏறத்தாழ இவர்களுக்கும் கிடைத்தது. 1959இல் வெளியான இம்முடிவு சானடோரிய யுகம் முடிய ஒரு காரணமாயிற்று. விடுதலைதான். ஆனால் வீட்டுக்குப் போன நோயாளி மாத்திரையை விழுங்குகிறாரா என்ற சந்தேகமும் அதே மையத்தில் வளர்ந்தது. அங்கே பணியாற்றிய வாலஸ் ஃபாக்ஸ் 1958இலேயே இதுபற்றி எழுதினார். பின்னால் வந்த நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை ('டாட்ஸ்') இந்தச் சந்தேகத்தின் வாரிசு. சுவர் போயிற்று, கண் மிஞ்சியது.

இந்தியாவில் 1997இலிருந்து டாட்ஸ் பரவியது. வாரத்துக்கு மூன்று நாள் மையத்துக்குப் போய் இன்னொருவர் முன்னால் விழுங்க வேண்டியிருந்தது. அன்றைய கூலி போச்சு, தெருவுக்கே விஷயம் தெரிஞ்சும் போச்சு. வராமல் போனவருக்கு 'டிஃபால்டர்' என்று பெயர். கடன் கட்டாதவனுக்கு உரிய சொல். உலக சுகாதார நிறுவனம் தன் வரையறைகளிலிருந்து அதை நீக்கியது 2013இல்தான்.

அடுத்து வந்தது '99டாட்ஸ்'. மாத்திரை அட்டையை ஓர் உறைக்குள் வைத்துத் தருகிறார்கள். மாத்திரையைப் பிதுக்கினால் பின்னாலிருக்கும் எண் தெரியும். அந்த இலவச எண்ணுக்கு அழைத்தால் 'இன்று சாப்பிட்டார்' என்று பதிவாகும். சாதாரண போன் போதும், படிப்பு வேண்டாம், தினமும் அலைய வேண்டாம். எளியவர்களை மனதில் வைத்துச் செய்தது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் இதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கேட்கும்: 'விழுங்கிவிட்டேன்'. போன் புருஷன் கையில் இருக்கிறது, வயிறு காலி, மாத்திரை குமட்டுகிறது என்பவையெல்லாம் அந்தக் கணக்கில் ஒரே மௌனம். மௌனத்துக்கு ஒரே பொருள்: நோயாளியின் தவறு.

2024 மார்ச்சில், மூன்று மாதத்துக்கான மருந்தை மாநிலங்களே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் எழுத வேண்டியிருந்தது. மருந்து வராத நாளில் 'டிஃபால்டர்' யார்? பசியும் நோயின் பகுதி என்பதை அரசே ஒப்புக்கொண்டு 2018இலிருந்து மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயும் தருகிறது. அந்தப் பணம் வராத மாதத்தை எந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துச் சொல்வது? உதவி எண் தனியாக உண்டு. ஆனால் மாத்திரை நாள்தோறும் எண்ணப்படுவது போல அரசின் தவறுகள் எண்ணப்படுவதில்லை.

எண்ண முடியாதா என்ன? தென்னாப்பிரிக்காவில் 2013இல் எச்.ஐ.வி. இயக்கமான டிரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்னும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் வேறு சிலரும் சேர்ந்து மருந்துத் தட்டுப்பாட்டுக்கு எதிரான ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். 'இந்த கிளினிக்கில் மருந்து இல்லை' என்று நோயாளியோ செவிலியரோ கைபேசியிலிருந்து தகவல் தர முடிந்தது. 2019இல் அங்கே தொடங்கிய 'ரிட்ஷிட்ஸே'வில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் அமைப்புகளே கிளினிக்குகளைக் கண்காணிக்கின்றன. எத்தனை மணிநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, எந்த மருந்து இல்லை, ஊழியர் எப்படி நடத்துகிறார் என்பதைப் பதிந்து, அதிகாரிகள் முன் வைக்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் அதே மலிவான கைபேசிதான். இங்கே அது நோயாளியை எண்ணுகிறது, அங்கே நோயாளி கிளினிக்கை எண்ணுகிறார். கருவியின் அழகோ எளிமையோ இந்த வித்தியாசத்தைக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே திரண்டிருந்த ஓர் இயக்கம் தன் கேள்வியோடு கருவியிடம் போனது.

ஆகவே தோழர்களே, 'கூட்டு வடிவமைப்பு' என்று நம்மைக் கூப்பிட்டால் பட்டனின் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டாம். இதில் சேரும் கணக்கை யார் பார்ப்பார்கள், யாரைத் தவறியவர் என்று அது எழுதும், அந்த இடத்தில் ஆஸ்பத்திரியின் பெயரும் வருமா என்று கேட்போம். வராதென்றால், அந்த மேசையில் நமக்குப் போட்டிருப்பது வெறும் நாற்காலி.