அரசு மருத்துவமனையில் கேட்கத் தயங்காதீர்கள்

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் 2016-லும் கொடுத்தவர். அப்போதே பரிசோதனையில் தெரிந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த சோதனையில் தெரியவந்ததும் அவரே வந்து சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது.

அங்கே ஒரு தகவல் அடுத்த கைக்குப் போகவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் டியூட்டி மாறும்போதும் நோயாளியை வார்டு மாற்றும்போதும் இந்த ஆபத்துதான் காத்திருக்கிறது. கூட்டத்தைச் சமாளிக்கும் சிஸ்டர்களைக் குறை சொல்லி ஆவதொன்றுமில்லை. சரிபார்க்கும் முறை கறாராக இருக்க வேண்டும்.

ரத்தம் ஏற்றுமுன் பையிலுள்ள பிரிவு, எண், காலாவதித் தேதி, நோயாளியின் பெயர் எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டோடு கட்டிலருகே ஒப்பிட வேண்டும். "ஒருதடவை படிச்சுக் காட்டுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். ஊசி போட வந்தால் பெயரைச் சொல்லுங்கள், ஒவ்வாத மருந்தையும் சொல்லுங்கள். பழைய சீட்டுகளையும் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரே பையில் கொண்டுபோனால், எடுத்த பரிசோதனையையே மறுபடி எடுக்க அலைய வேண்டியிருக்காது. மருத்துவரின் நேரமும் மிச்சமாகும்.

அவசர நிலையில் அரசு மருத்துவமனை சிகிச்சை தர மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள்.

ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மீது நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. 1995-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வரையறை அது. அதற்காக வழி அடைபட்டுவிடவில்லை. மாநில மனித உரிமை ஆணையமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. சாத்தூர் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2019-ல் உத்தரவிட்டது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான்.

புகார் இருந்தால் முதலில் நிலைய மருத்துவ அலுவலரையும் (ஆர்.எம்.ஓ.) கண்காணிப்பாளரையும் பாருங்கள். நகரவில்லை என்றால் 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசலாம், திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனுவில் தேதி, வார்டு, உள்நோயாளி எண் மூன்றையும் எழுதுங்கள்; ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.