கடைசி வெளியீடு எப்போது?

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகள் முன்னால் இருந்தால், மென்பொருள் எழுதுகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு தேதியைத்தான். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது? போன மாதம் என்றால் ஆள் இருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு முன்பு என்றால் கைவிட்டுவிட்டார்கள், வேறு பார்க்கலாம். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களை எடைபோட ஓப்பன்எஸ்எஸ்எஃப் அமைப்பு உருவாக்கியிருக்கும் ஸ்கோர்கார்டு என்ற கருவியும் இந்த வழியில்தான் போகிறது. கடைசி 90 நாட்களில் வாரத்துக்கு ஒரு மாற்றமாவது நடந்திருந்தால்தான், பராமரிப்புக்கு முழு மதிப்பெண்.

கைவிடப்பட்ட கருவியில் ப்ராஜெக்டைக் கட்டிவிட்டு அவதிப்பட்டவர்கள் ஏராளம் என்பதால், இந்தப் பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேதியை மட்டும் பார்த்து ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தள்ளும்போது, முக்கியமான பல விஷயங்கள் பார்வையிலிருந்து விழுந்துவிடுகின்றன. சில சமயம் ஆபத்தே அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

முதலில், எதை ஒரு வெளியீடு என்று எண்ணுவது? விம் எடிட்டரை எடுத்துக்கொள்வோம். 1991-இல் பிராம் மோலெனார் வெளியிட்டது. அதன் 7.4 பதிப்பு 2013 ஆகஸ்டில் வந்தது, 8.0 வந்தது 2016 செப்டம்பரில். மூன்று வருட மௌனம் என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேட்சுகளை மோலெனார் ஒவ்வொன்றாக எண் போட்டு வெளியிட்டிருந்தார். பெரிய பதிப்பை எண்ணினால் விம் தூங்குமூஞ்சி. பேட்சை எண்ணினால் ஒரே நாளில் பல வெளியீடு காணும் கருவி. இரண்டும் அதே மனிதர் அதே மேசையில் செய்த வேலை.

விம்மின் கிளையான நியோவிம் பிறந்த கதையும் இங்கே சொல்லப்பட வேண்டியது. எடிட்டர் உறைந்து நிற்காமல் பின்னணியில் வேறு வேலைகள் ஓட வேண்டும் என்று பிரேசிலைச் சேர்ந்த தியாகோ டி அருடா ஒரு மாற்றத்தை எழுதி விம்முக்கு அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. 2014-இல் அவர் தனியாகக் கிளை பிரித்தார். பொதுமக்களிடம் 10,000 டாலர் கேட்டார். அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் சேர்ந்தது. விம் பயனர்கள் எவ்வளவு ஆவலோடு காத்திருந்தார்கள் என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி. பின்னணி வேலை வசதி 2016-இல் விம் 8.0-க்கும் வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பேட்சுகள் வந்துகொண்டிருந்தும், பலர் கேட்ட ஒன்று மட்டும் வரவில்லை என்பதுதான் அங்கே குறை. எத்தனை முறை வெளியாகிறது என்ற கணக்கில் இந்தக் குறை தென்படவே படாது.

நியோவிம் பத்து வருடம் தாண்டியும் 1.0 என்ற எண்ணைத் தொடவில்லை. 2025 மார்ச்சில் வந்தது 0.11. ஆனாலும் அதை நம்பி அன்றாடம் வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இதே எடிட்டர் உலகில் ஆட்டம் என்ற ஒன்று இருந்தது. கிட்ஹப் நிறுவனம் 2014-இல் அறிமுகப்படுத்தி, 2015 ஜூனில் 1.0 என்று வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் அதே 2015-இல்தான் வெளியே வந்தது. பிறகு 2018-இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பையே வாங்கியது. ஒரே வீட்டில் இரண்டு எடிட்டர். விஷுவல் ஸ்டுடியோ கோட் மாதம் ஒரு பதிப்பு என்ற ஒழுங்கில் வளர்ந்தது. ஆட்டத்துக்கும் பதிப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன, எண் 1.60-ஐயும் தாண்டி ஏறியது. ஆனால் 2022 ஜூனில் மூடப்போவதாக அறிவித்தபோது, சில ஆண்டுகளாகவே பராமரிப்பும் பாதுகாப்புத் திருத்தமும் தவிரக் குறிப்பிடத்தக்க புது வேலை எதுவும் நடக்கவில்லை என்று கிட்ஹப்பே ஒப்புக்கொண்டது. அந்த டிசம்பர் 15-ஆம் தேதி ஆட்டத்தின் கதை முடிந்தது. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது எதிர்பாராத செய்தி. ஒவ்வொரு பதிப்போடும் வரும் மாற்றக் குறிப்பைப் படித்தவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மறுகோடியில் டொனால்டு கனூத் இருக்கிறார். கணிதப் புத்தகங்களை அச்சுக்கோக்க அவர் எழுதிய டெக் மென்பொருளின் பதிப்பு எண், பை என்ற எண்ணை நோக்கி ஒவ்வொரு இலக்கமாக நீள்கிறது. 2008-இல் ஒரு திருத்தம், 2014-இல் ஒன்று, 2021-இல் ஒன்று. இப்போதைய எண் 3.141592653. தன் மறைவுக்குப் பிறகு எண்ணைப் பை என்றே மாற்றிவிட வேண்டும், அதன்பின் எஞ்சும் பிழைகளும் அதன் இயல்புகளாகவே இருந்துவிடட்டும் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். டெக்கில் பிழை கண்டுபிடித்தவருக்குக் காசோலை அனுப்புவதும் 2008 வரை அவர் வழக்கமாக இருந்தது. ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை அசையும் இந்த நிரலை 90 நாள் அளவுகோலில் வைத்தால் என்ன மதிப்பெண் கிடைக்கும்? நான் அறிந்த மென்பொருள்களில் இவ்வளவு நம்பகமானவை மிகச் சில. முடிந்துபோன வேலை என்று ஒன்று மென்பொருளிலும் உண்டு, அதற்கு மரியாதை தர நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அசையாத மையத்தைச் சுற்றி அசைகிறவர்கள் இருந்ததால்தான் டெக் இன்றும் பயன்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கனூத்தின் டெக்கை வைத்துக்கொண்டு தமிழில் யூனிகோடு எழுத்துருவை நேரடியாக எடுத்து அச்சுக்கோக்க முடியாது. அதற்கு 2004-இல் வந்த ஸீடெக் போன்ற பின்வந்த வடிவங்கள் தேவைப்பட்டன. எல்லாவற்றையும் திரட்டித் தரும் டெக் லைவ் தொகுப்பு ஆண்டுக்கொருமுறை வருகிறது.

ஜாவாவின் அனுபவம் வேறு. ஜாவா 8 வந்தது 2014 மார்ச்சில். அடுத்தது 2016-இல் வரும் என்றார்கள். தள்ளித் தள்ளிப் போய் 2017 செப்டம்பரில்தான் ஜாவா 9 வந்தது. ஒரு பெரிய வசதி தயாராகவில்லை என்பதற்காக, தயாராகிவிட்ட சின்ன வசதிகளும் சேர்ந்து காத்துக் கிடந்தன. அதற்குப் பிறகு ஜாவா ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், வந்துவிடுகிறது. துறையில் இதை ரிலீஸ் டிரெயின் என்பார்கள். ரயில் நேரத்துக்குக் கிளம்பிவிடும். ஏற முடியாதவர் அடுத்த ரயிலில் வர வேண்டியதுதான். ரஸ்ட் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, கோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பைத்தான் ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில். எது சிறந்தது என்று இவற்றை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதில் பொருளில்லை. சொன்ன நாளில் வருகிறதா, பழைய பதிப்பை எவ்வளவு காலம் தாங்கிப் பிடிப்போம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்களா என்பதில்தான் பொருள் இருக்கிறது. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் ஜாவாவின் எல்லா ரயிலிலும் ஏறுவதில்லை. நீண்டகால ஆதரவு உள்ள 11, 17, 21 போன்ற பதிப்புகளாகப் பார்த்து மாறுகின்றன. இன்னும் 8-இலேயே இருப்பவர்களும் குறைவில்லை.

அடிக்கடி வருவதே பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். 2014 ஏப்ரலில் உலகை உலுக்கிய ஹார்ட்பிளீட் ஓட்டை, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 பதிப்போடு 2012-இல் நுழைந்தது. அப்டேட் செய்யாமல் பழைய 0.9.8-இலேயே இருந்த சர்வர்களுக்கு அந்த ஓட்டை இல்லை. இதைக் கேட்டுவிட்டு அப்டேட் செய்யாமலிருப்பதே நல்லது என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. பழையதற்கும் அதன் ஓட்டைகள் உண்டு. புதிய பதிப்பு என்றால் புதிய கோட், புதிய கோட் என்றால் புதிய பிழைக்கும் இடம் உண்டு என்பதே விஷயம்.

2021 டிசம்பரில், ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டதையடுத்து, லாக்4ஜே லைப்ரரிக்கு 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று ஒரே மாதத்தில் நான்கு பதிப்புகள் வந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு அது மிகச் சுறுசுறுப்பான மாதம். அந்த நாட்களில் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் சிலர் இரவும் பகலும் உட்கார்ந்து, முந்தைய திருத்தத்தில் விட்டுப்போனதை அடுத்ததில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். பிழை தெரிந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் திருத்தம் வருகிறது என்ற ஒன்றை மட்டும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்கூட நான் ஒப்புக்கொள்வேன். வெளியீட்டு எண்ணிக்கையைவிட அது எவ்வளவோ மேல்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது எக்ஸ்இசட் விவகாரம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. லினக்ஸ் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் இருக்கும். பின்லாந்தின் லாஸே காலின் அதை ஊதியமில்லாத பொழுதுபோக்காகப் பல வருடம் பராமரித்துவந்தார். அதன் 5.2.5 பதிப்பு 2020 மார்ச்சில் வந்தது. அடுத்த 5.2.6 வர 2022 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

அந்த இடைவெளியைத்தான் சிலர் பிடித்துக்கொண்டார்கள். 2022-இன் நடுவில், முன்பின் தெரியாத பெயர்களில் அவருக்கு அஞ்சல்கள் வரத் தொடங்கின. ஏன் இத்தனை தாமதம், உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்ற தொனியில் திரும்பத் திரும்ப. தன் மனநலம் சரியில்லை என்றும், இது சம்பளமில்லாத வேலை என்றும் காலின் வெளிப்படையாக எழுதினார். அதன் பிறகும் நெருக்கடி நிற்கவில்லை. அதே சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பணிவாக, நல்ல பேட்சுகளை அனுப்பிக்கொண்டிருந்தார். படிப்படியாகப் பொறுப்பு அவர் கைக்குப் போனது. 2023-இல் 5.4 வரிசைப் பதிப்புகள் சில மாதங்களுக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தன. தேதி பார்க்கிற எவருக்கும் இந்தத் திட்டம் பிழைத்துக்கொண்டது என்றே தோன்றியிருக்கும்.

2024 பிப்ரவரியில் வந்த 5.6.0-வில் ஒரு பின்வாசல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. மார்ச்சில் வந்த 5.6.1-இலும் அது இருந்தது. பின்வாசலைத் திறக்கும் சாவி யாரிடம் இருந்ததோ அவர் உலகெங்கும் உள்ள சர்வர்களுக்குள் நுழைந்திருக்க முடியும். போஸ்ட்கிரெஸ் நிரலாளரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் வழி உள்நுழைய அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று சந்தேகப்பட்டு விடாமல் தோண்டினார். மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். லினக்ஸ் தொகுப்பான டெபியனின் சோதனைப் பதிப்புகளிலும், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்ற உடனுக்குடன் புதுப்பிக்கும் தொகுப்புகளிலும் அந்த எக்ஸ்இசட் ஏற்கெனவே நுழைந்திருந்தது. நிதானமாக நகரும் டெபியன் ஸ்டேபிளுக்கு அது வரவில்லை. ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

ஏன் இன்னும் புதிய பதிப்பு வரவில்லை என்ற கேள்வி, களைத்துப்போன ஒரு மனிதருக்கு எதிராக ஆயுதமாக்கப்பட்ட நிகழ்ச்சி இது. அதை ஆயுதமாக்க முடிந்ததற்குக் காரணம், நாம் எல்லோரும் அதே கேள்வியை நல்லெண்ணத்தோடு கேட்டுப் பழகியிருந்ததுதான். அதனால் அந்த அஞ்சல்கள் யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

புதியதை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது என்ற பாடம் சில கருவிகளில் ஏறத் தொடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற புகழ்பெற்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பராமரிப்பாளரைப் போலி மின்னஞ்சலில் ஏமாற்றி, நச்சுப் பதிப்புகளை வெளியிட்டார்கள். சில மணி நேரத்திலேயே அவை அகற்றப்பட்டன. அதற்குள் இறக்கிக்கொண்டவர்களுக்குத்தான் பிரச்சினை. பிஎன்பிஎம் என்ற பேக்கேஜ் மேலாளரில் அதே மாதம் ஒரு புது அமைப்பு வந்தது. ஒரு பதிப்பு வெளியாகி இத்தனை நேரம் கழிந்த பிறகே அதை நிறுவு என்று அதில் சொல்லிவைக்கலாம். பேக்கேஜ்களைப் புதுப்பிக்க உதவும் டிபெண்டபாட்டிலும் இப்படிக் காத்திருக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. வந்தவுடன் எடு என்று பத்து வருடமாகச் சொல்லிவந்த துறை, அவசரப் பாதுகாப்புத் திருத்தம் தவிர மற்றதற்குக் கொஞ்சம் பொறு என்று சொல்ல ஆரம்பித்திருப்பதை மனமார வரவேற்கிறேன்.

அப்படியானால் இரண்டு கருவிகளை எப்படித்தான் ஒப்பிடுவது? கடைசி ஐந்தாறு பதிப்புகளின் மாற்றக் குறிப்பை உட்கார்ந்து படியுங்கள். ஒரு மதியம் போதும். புகார் வந்த நாளுக்கும் திருத்தம் வந்த நாளுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். வெளியிடும் அதிகாரம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். விம்மை முப்பது வருடத்துக்கும் மேல் சுமந்த மோலெனார் 2023 ஆகஸ்டில் காலமானார். கிறிஸ்டியன் பிராபண்ட் முதலானோர் பொறுப்பேற்று, 2024 ஜனவரியில் 9.1 பதிப்பை அவருக்கே அர்ப்பணித்து வெளியிட்டார்கள். கைமாற்றிக்கொள்ள நம்பகமான ஆட்கள் இருந்தார்கள். எக்ஸ்இசட்டில் அப்படி இல்லை.

கடைசியாகப் பணம். ஹார்ட்பிளீட் வெளிப்பட்டபோது, உலக வணிகத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர்தான் என்று தெரியவந்தது. அதன் பிறகே லினக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பெரிய நிறுவனங்கள் கைகொடுத்தன. ஜெர்மனி அரசின் சாவரின் டெக் ஃபண்ட், கர்ல், லாக்4ஜே போன்ற திட்டங்களுக்கு நிதி தந்திருக்கிறது. கோடிக்கணக்கில் புராடக்ட் விற்கும் நம் ஊர் நிறுவனங்களும் இதைச் செய்யலாம். தாங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் கருவிகளின் பட்டியலை எடுத்து, யாருக்கு உதவி தேவை என்று கேட்டு, ஒரு தொகையை ஆண்டுதோறும் ஒதுக்கலாம். பணம் தர மனமில்லையென்றால், தங்கள் பொறியாளர் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாளை அந்தக் கருவியின் பிழைகளைத் திருத்தக் கொடுக்கலாம். எக்ஸ்இசட்டுக்கு அப்படி இரண்டு பேர் 2022-இல் கிடைத்திருந்தால், காலின் ஜியா டானை நம்ப வேண்டிய நிலைக்கே வந்திருக்க மாட்டார்.