அயல்நாட்டு அரச மரபினரும் குடியுரிமைச் சட்டமும்: ஹனோவர் வழக்கை முன்வைத்து

முடியாட்சி மறைந்த நாட்டின் இளவரசர் ஒருவர் வேறொரு நாட்டின் சட்டத்தின் முன் நிற்கும்போது அவர் யாராகக் கருதப்படுகிறார்? அரச குலத்தவராகவா, அயலாராகவா, அன்றி அந்நாட்டுக் குடியாகவேயா? பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1956ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பொன்று இவ்வினாவை நேராக எதிர்கொண்டது. இக்கட்டுரையில் அதனையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

வழக்கின் வேர் 1701ஆம் ஆண்டு முடியுரிமைச் சட்டத்தில் உள்ளது. கத்தோலிக்கரல்லாத வாரிசைத் தேடிய இங்கிலாந்து நாடாளுமன்றம், முதலாம் ஜேம்ஸ் மன்னரின் பேத்தியும் ஜெர்மானிய நாடாகிய ஹனோவரின் கோமாட்டியுமான சோஃபியாவின் வழிக்கு அரியணையை உரிமையாக்கியது. நாளை முடிசூடவிருப்போர் அயலாராக இருத்தல் பொருந்தாது. எனவே, 1705இல் ஆன் அரசியின் ஆட்சியில் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. சோஃபியாவும் அவருடைய நேர் வழித்தோன்றல்கள் அனைவரும், பிறந்துவிட்டவராயினும் இனிப் பிறப்பவராயினும், இங்கிலாந்தின் இயற்பிறப்புக் குடிகளே என்று அது கூறிற்று. எத்தனை தலைமுறைக்கு என்ற வரம்பு அதில் இல்லை. 1714இல் சோஃபியா ஆன் அரசிக்குச் சில வாரங்கள் முன்னரே இறந்துவிட, அவர் மகன் முதலாம் ஜார்ஜ் என முடிசூடினார். சட்டமோ நீக்கப்படாமலே ஏட்டில் உறங்கியது.

இரு நாடுகளையும் ஒரே அரசர் ஆண்ட நிலை 1837இல் முடிவுற்றது. விக்டோரியா இங்கிலாந்தின் அரசியானார். ஆண் வாரிசு இருக்கையில் பெண்ணுக்கு அரியணை தராத ஹனோவரின் மரபுரிமை விதி அவருடைய சிற்றப்பாவாகிய எர்னஸ்ட் அகஸ்டஸை அங்கு மன்னராக்கியது. 1866இல் பிரஷ்யா ஹனோவரைக் கைப்பற்றியது. எனினும், அக்குடும்பத்தார் கம்பர்லாந்துக் கோமகன் என்னும் பிரித்தானியப் பட்டத்தைத் தொடர்ந்து தாங்கினர். முதல் உலகப்போரில் அவர்கள் பகைநாட்டின் பக்கம் நின்றமையால், 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1919இல் அப்பட்டம் பறிக்கப்பட்டது.

பட்டம் போயிற்று, குடியுரிமையும் உடன் போயிற்றா? 1914இல் பிறந்த அக்குல இளவரசர் எர்னஸ்ட் அகஸ்ட், தாம் பிரித்தானியக் குடியே என்று அறிவிக்குமாறு வழக்குத் தொடுத்தார். சட்டத்தின் முகவுரை ஆன் அரசியின் வாழ்நாளைக் குறிப்பதால் அவர் காலத்தில் பிறந்தோருக்கே அது பொருந்தும் என்றும், வேறுவகையில் கொண்டால் விளைவு நகைப்புக்கிடமாகும் என்றும் அரசுத் தரப்பு வாதிட்டது. இவ்வாதம் வலுவற்றதன்று. போரில் பிரித்தானியாவை எதிர்த்த ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியமும் சோஃபியாவின் வழித்தோன்றலே அல்லவா! முதல் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. பிரபுக்கள் அவை இளவரசருக்கே சார்பாக முடிவு செய்தது. சட்டத்தின் செயற்பகுதி ஐயத்திற்கு இடமின்றி இருக்கையில், தெளிவற்ற முகவுரையைக் கொண்டு அதனைச் சுருக்கலாகாது என்பது தீர்ப்பின் சாரம். 1705ஆம் ஆண்டுச் சட்டத்தை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நீக்கிவிட்டது. எனினும், அதற்கு முன்பே பிறந்தவரின் உரிமையை அது தொடவில்லை.

இங்குப் பட்டம் அரசின் கொடையாகவும் குடியுரிமை சட்டச் சொல்லின் பயனாகவும் கொள்ளப்பட்டதைக் காண்கிறோம். முன்னதை வெறுப்பால் பறிக்க முடிந்தது; பின்னதை முடியவில்லை.

பட்டத்தை மட்டும் நோக்கின், ஐரோப்பிய நாடுகளே தம்முள் வேறுபடுகின்றன. ஆஸ்திரியா 1919இல் உயர்குடிப் பட்டங்களை அடியோடு ஒழித்தது. ஜெர்மனியோ, அதே ஆண்டின் வைமார் அரசமைப்பில், அவற்றைப் பெயரின் ஒரு பகுதியாக மட்டும் விட்டுவைத்தது. ஆதலால் அங்கு 'இளவரசர்' என்பது குடும்பப்பெயர். தத்தெடுப்பின் மூலமும் அது கைமாறும். இவ்வாறு ஜெர்மனியில் தத்தெடுக்கப்பட்ட ஆஸ்திரியக் குடிமகள் ஒருவரின் பெயரிலிருந்த பட்டத்தை ஏற்க ஆஸ்திரியா மறுத்தது. குடிமக்களின் சமத்துவத்தைக் காக்கும் நோக்கில் அம்மறுப்பு ஏற்புடையதே என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

இந்திய அரசமைப்பின் 18ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பானது: அயல்நாட்டு அரசு தரும் எப்பட்டத்தையும் இந்தியக் குடிமக்கள் ஏற்றலாகாது. படைத்துறைச் சிறப்பும் கல்விச் சிறப்பும் மட்டும் இந்திய அரசு வழங்கக்கூடியவை. தமிழில் இப்பிரிவைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அரச விருதுப்பெயருக்கும் பல்கலைக்கழகத் தேர்ச்சிக்கும் நாம் 'பட்டம்' என்ற ஒரு சொல்லையே ஆள்கிறோம். 'பட்டங்கள் ஒழிப்பு' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், மாணவர் தம் இளங்கலைப் பட்டத்தையும் ஐயுறக்கூடும்.