வட்டக்கச்சியில் ஒரு மொறிஸ் மைனர்: ஏன் வாங்கினேன்?

2024இல் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய மொறிஸ் மைனர் காரை வாங்கி வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்தேன். 1959ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 948 சி.சி. எஞ்சின். நான்கு பேர் நெருக்கியடித்து இருக்கலாம். அன்றிலிருந்து வாய்க்கால் கரையிலும் கடையடியிலும் எனக்கு ஒரே விசாரணைதான். "உனக்கென்ன விசரே?" "காசு எங்கால?" "ஆர் அனுப்பினது?"

லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் அயலவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வன்னியில் அப்படி விடமாட்டார்கள். இங்கே ஒரு வாகனத்தைக் கண்டதும் இந்தக் கேள்விகள் வருவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

லீசிங்கில் எடுத்ததா?

இல்லை. ஆனால் முதலில் இதைக் கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 2009இற்குப் பிறகு முகாம்களிலிருந்து சனம் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கப்பி இல்லை. ஆனால் ஏ-9 வீதியோரம் மோட்டார் சைக்கிள் காட்சியறைகளும் லீசிங் கம்பனிகளும் வந்துவிட்டன. சிறு தொகை முற்பணம் கட்டினால் அன்றைக்கே வாகனத்தை ஓட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள்.

கணக்கை ஒருக்கால் போட்டுப் பாருங்கள். 5 இலட்சம் ரூபாவை லீசிங்காக எடுத்து மாதம் 18,000 ரூபா வீதம் 48 மாதம் கட்டினால், கட்டி முடிக்கும் தொகை 8 இலட்சத்து 64 ஆயிரம். அது வட்டிக்குக் கொடுத்த விலை. அதைவிட முக்கியமானது வாகனப் புத்தகம். அதில் பதிவுசெய்த உரிமையாளர் என்று உங்கள் பெயர் இருக்கும். முழு உரித்தாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். கடைசித் தவணை கட்டி, அந்தப் பெயர் நீங்கும்வரை வாகனம் சட்டப்படி உங்களுடையதல்ல. வெள்ளத்தில் நெல் அழிந்து இரண்டு மூன்று தவணை தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்பது அதனால்தான்.

என்னுடைய காசு மூன்று போக நெல்லில் ஒதுக்கியதும், நான்கு மாடு விற்றதும். விலை ஒன்பதரை இலட்சம். அதே நேரத்தில் ஓரளவு நல்ல பாவித்த ஓட்டோவுக்கு அதைவிடக் கூடக் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு சதமும் வரவில்லை.

பழைய காருக்கு ஏன் இவ்வளவு விலை?

வேறு நாடுகளில் கார் பழசாகப் பழசாக விலை இறங்கும். இலங்கையில் அப்படி இல்லை. இங்கே கார் தயாரிக்கும் பெருந்தொழில் கிடையாது. இறக்குமதியாகும் வாகனத்துக்கு எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் பெரும் வரி விழுகிறது. 2020 மார்ச்சில் டொலர் கையிருப்பைக் காக்கவென்று வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து வருடம் புது வாகனமே வராததால் நாட்டுக்குள் இருந்த பழைய இரும்பெல்லாம் பொன்னாகிவிட்டது. நான் வாங்கியது அந்தக் காலத்தின் கடைசியில். நாளை விற்றாலும் பெரிய நட்டம் வராது என்ற கணக்கும் எனக்கு இருந்தது.

ஏன் மொறிஸ் மைனர்?

அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் இது. 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. உலகம் அதை மறந்த பிறகும் எங்கள் சனத்துக்கு அது உழைத்தது. 1990இற்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்ற காலத்தை ஐம்பது வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்கு விட்டு ஸ்ரார்ட் செய்வார்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. அழுத்தம் கூடிய எஞ்சின் என்றால் தட்டத் தொடங்கிவிடும். அப்படித்தான் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளும் கறுப்புப் புகை கக்கியபடி ஓடின. பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களும் செல்லடியில் காயப்பட்டவர்களும் கலியாணப் பொம்பிளைகளும் அவற்றில்தான் போனார்கள்.

என் தகப்பனார் ஓட்டிய வாடகைக் கார் ஒரு ஏ-40. 2009 தொடக்கத்தில் கிளிநொச்சி விழுந்தபின் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஒவ்வொரு இடமாக அதைக் கொண்டுபோனோம். இரணைப்பாலைக்கு அப்பால் கொண்டுபோக முடியவில்லை. பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த துருப்பிடித்த வாகனங்களின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவியலில் எங்களுடையதும் இருந்ததா தெரியாது. காரின் புத்தகம் மட்டும் சொப்பிங் பையில் எங்களோடு மெனிக் பாமுக்கு வந்தது. எங்களிடம் புத்தகம் இருந்தது, கார் இல்லை. இன்று லீசிங்கில் இருப்பவரிடம் கார் இருக்கிறது, புத்தகம் அவருடையதாக இல்லை. இரண்டும் ஒரே பெயரில், ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

அந்த இலக்கத் தகடு?

ஊரில் ஒரு ஐயா காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, உந்த எழுத்துக்குத்தானே தார் பூசினவை" என்றார். உண்மைதான். என் காரின் இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ இருக்கிறது. 1957 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்கு அந்த எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. தொண்டர்கள் அதை அழித்துத் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். 1958இல் அந்த எழுத்தோடு அரச பஸ்கள் வடக்குக்கு வந்தபோது போராட்டம் மறுபடி எழுந்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் தமிழருக்கு எதிரான வன்செயல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தகட்டைக் காட்டி "இதென்ன எழுத்து?" என்று கேட்கும்போது இந்தக் கதையைச் சொல்லக் கிடைக்கிறது.

பழுதானால்?

இதில் கணினியோ சென்சரோ இல்லை. நாலைந்து சாவியும் ஒரு ஸ்குறூ டிரைவரும் போதும். பாகங்களும் கிடைக்கின்றன. டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் இலங்கையிலேயே மொறிஸ் மைனரின் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? என் மகனும் அயலில் இரண்டு பெடியளும் சனிக்கிழமைகளில் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டப் பழகுகிறார்கள்.

கடைசிக் கேள்வி

"இவ்வளவு சனம் அழிஞ்ச மண்ணில ஆசைக்குக் கார் ஓடலாமோ?" இதைக் கேட்டவர் மகனைத் தேடும் ஒரு தாய். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய போராட்டத்தில் பல நாள் இருந்தவர். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

"இரவில ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏத்த உதவும் அக்கா" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அப்படி ஏற்றியும் இருக்கிறேன். ஆனால் அதற்காக வாங்கவில்லை. வயலுக்கு லான்ட்மாஸ்டர் ஏற்கெனவே நிற்கிறது. எனக்கு இந்தக் கார் பிடிக்கும். அதனால் வாங்கினேன். அதையே அவரிடம் சொன்னேன்.

மீள்குடியேறிய நாளிலிருந்து நாங்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். கோழியா, ஆடா, தையல் மெசினா? இதனால் மாத வருமானம் எவ்வளவு கூடும்? எத்தனை பேருக்குப் பயன்? அந்தப் படிவங்கள் எங்களுக்கு உதவின, மறுக்கவில்லை. ஆனால் எதிலும் "விருப்பம்" என்றொரு கட்டம் இருக்கவில்லை. இப்போது ஒருவர் வீட்டுக்கு வெள்ளை அடித்தாலும் மகளுக்கு வயலின் வாங்கினாலும் படிவத்தின் கேள்வியை நாங்களே ஒருவரையொருவர் கேட்கிறோம். இழந்தவர்களை நினைப்பதற்கு ஒருவரும் எங்களுக்கு ஆசையைத் தடைசெய்யவில்லை. கடன்படாமல், மற்றவரின் பங்கை எடுக்காமல் வாங்கிய ஒன்றுக்கு "பிடித்தது" என்பதே போதுமான காரணம்.

அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் மகனுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர் என்றார். எந்த மொடல், என்ன நிறம் என்பதெல்லாம் அவருக்கு நினைவில் இருந்தது.

வாகனம் வாங்க இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். எதை வாங்கினாலும், பெயின்டைப் பார்க்க முதல் புத்தகத்தைப் பாருங்கள். முழு உரித்தாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று வாசியுங்கள். பிறகு, பிடித்திருந்தால் வாங்குங்கள்.