வளைவும் சாய்வும்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடுமுறை நாள்களில் அவ்வழியே மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்களை நாம் காண்கின்றோம். நேர்ச்சாலையில் அம்பெனப் பாய்ந்தவர், வளைவைக் கண்டதும் தோள் இறுகி, முதுகு விறைத்து, வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி சாலையின் மறுபக்கத்துக்கு ஒதுங்கிவிடுகிறார். சாய்ந்தால் விழுந்துவிடுவோம் என்பது அவருடைய அச்சம். உண்மையோ அதற்கு நேர்மாறானது. ஓடுகின்ற இருசக்கர வண்டி சாயாமல் திரும்பவே இயலாது.

திரும்புகையில் டயர்கள் சாலையைப் பற்றிக்கொண்டு வண்டியை வளைவின் உட்புறமாகத் தள்ளுகின்றன. மேலே இருக்கும் பாரமோ நேரே செல்லவே விழைகிறது. ஆகையால் நிமிர்ந்த வண்டி வெளிப்புறமாகக் கவிழப் பார்க்கும். உட்புறம் சாய்ந்தால்தான் புவியீர்ப்பு அதனைச் சமன்செய்யும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 27 பாகை சாய்வு வேண்டும். வேகம் 45 ஆகுமாயின் சாய்வு 39 பாகையை எட்டிவிடும். உலர்ந்த தார்ச்சாலையிலேயே அதற்கு மேல் துணிவது தகாது. மணலும் மழைநீரும் படிந்த இடத்தில் அதில் பாதிகூட ஆபத்தே. பந்தய வீரர்கள் 60 பாகைக்கு மேல் சாய்வதைத் தொலைக்காட்சியில் கண்டு வியக்கும் நம் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய டயரும் தளமும் வேறு என்பதைப் பெற்றோர் எடுத்துரைப்பது நன்று.

சரி, வண்டியைச் சாய்ப்பது எங்ஙனம்? விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவர்களுள் மூத்தவரான வில்பர், இடப்புறம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுவோர் பலரைக் கேட்டாராம். கைப்பிடியை இடப்புறம் திருப்புகிறோம் என்றே ஏறத்தாழ அனைவரும் விடையளித்தனர். உண்மையில் முதலில் அவர்கள் அதைச் சிறிது வலப்புறம் திருப்பியிருந்தனர். தாம் செய்வதைத் தாமே அறியவில்லை! மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே விதி. இடப்புறம் திரும்ப, இடக் கைப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும். சக்கரம் கணப்பொழுது வலப்புறம் நகர, வண்டி இடப்புறம் சாயும். சாய்ந்தபின் சக்கரம் தானே இடப்புறம் திரும்பிக்கொள்ளும்.

இதனை அறியாமையின் விலை சிறிதன்று. அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பார், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார். வேறு வாகனம் மோதாமல் தனியே நேர்ந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுநரின் பிழையால் விளைந்தவை. அளவுமீறி பிரேக் பிடித்துச் சறுக்கியதும், மிகு வேகத்தாலோ போதிய அளவு வளைக்காமையாலோ சாலையைவிட்டு விலகியதும் அவற்றுள் முதன்மையானவை. விபத்துக்குள்ளானோரில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். நம் வீடுகளில் தந்தை மகனுக்கும் அண்ணன் தம்பிக்கும் வண்டி பழக்குவதை எண்ணும்போது, இக்கணக்கு நமக்கு அயலானதாகத் தோன்றவில்லை.

பழக்குவோர் ஓர் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம். வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, அதாவது வளைவுக்கு முன்பே, வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பின்னர் பார்வையை வளைவு முடியும் இடத்தில் பதிக்க வேண்டும். பள்ளத்தைப் பார்ப்பவன் பள்ளத்துக்கே போவான். வண்டி கண்ணின் வழியே செல்லும். அகன்று போவதாகத் தோன்றினால், டயருக்குப் பிடிப்பிருக்கும்வரை இன்னும் சிறிது தள்ளிச் சாய்வதே வழி. அஞ்சி முன்பிரேக்கை அழுத்தினால் வண்டி நிமிர்ந்து நேரே ஓடும். இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில், இட வளைவில் அகன்று போகிறவர் எதிரே வரும் பேருந்தின் முன் போய் நிற்பார். மிக மெதுவாக உருளும் கொண்டை ஊசி வளைவில் மட்டும் முறை வேறு: அங்கே கைப்பிடியைத் திரும்பும் பக்கமே திருப்பி, உடலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கடக்க வேண்டும்.

பின்னிருக்கையில் அமரும் தாய்மாருக்கும் இதில் பங்குண்டு. வண்டி சாயும்போது அச்சத்தால் எதிர்ப்பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் அதுவே ஓட்டுபவரின் கையைக் கட்டிவிடுகிறது. சேலையுடன் ஒருபக்கமாக அமர்ந்து, மடியில் குழந்தையையும் வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம்! இருபுறமும் கால்போட்டு அமர்ந்து, வளைவின் உட்புறத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்திருந்தால் உடல் தானாகவே வண்டியோடு சாயும். மலைப்பாதைக்கு முன்னர் ஊரிலேயே ஓரிரு வளைவுகளில் இதைப் பழகிக்கொள்வது நலம்.

பயிற்சிக்கு மணல் மைதானம் உதவாது. சிமெந்துத் தளமோ வெறிச்சோடிய தார்ச்சாலையோ வேண்டும். அகலமான வட்டத்தில் தொடங்கி, நாளடைவில் அதனைச் சுருக்கலாம், இருபக்கமும் சம அளவில். ஏனெனில் பெரும்பாலோர்க்கு ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். மலையேறிய பின்னர் திரும்பி இறங்கும்போது வேகம் தானே பெருகும். பிரேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரில் வர வேண்டும். குறுகிய வளைவில் மேலேறி வரும் வண்டிக்கு இறங்குபவரே வழிவிட வேண்டும்.