சமம்தானா என்று கேட்ட கல்லூரி



சட்டம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், "அவ்வளவு பெரிய புத்தகங்களை எப்படி மனப்பாடம் செய்வாய்?" என்று கேட்பார்கள். ஆனால் சட்டத்தையே கேள்வி கேட்கப் பழக்கிய கல்லூரி ஒன்று அமெரிக்காவில் இருந்தது.

கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து வைக்கலாம், வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்று 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் காட்டியே தென் மாநிலங்கள் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் வைத்தன.

1929-ல் சார்ல்ஸ் ஹூஸ்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். மாலை வகுப்புகளாக நடந்த கல்லூரியை முழுநேரக் கல்லூரியாக்கினார். சமுதாயத்தைச் சீராக்காத வழக்கறிஞர் அதை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்று மாணவர்களுக்குப் போதித்தார். "சமம்" என்று தீர்ப்பு சொல்கிறதே, உண்மையில் சமமாக இருக்கிறதா? இதுவே அவருடைய கேள்வி. பதில் தேடித் தென் கரோலினாவுக்குக் காமெராவோடு போய், இரு இனத்தாரின் பள்ளிகளையும் படம் பிடித்தார்.

அவரிடம் படித்தவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காததால், பால்டிமோரிலிருந்து தினமும் பயணம் செய்து ஹோவர்டில் படித்தார். 1933-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். இரண்டு ஆண்டுகளில், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து அதே மேரிலாந்து கல்லூரிக்கு எதிராக ஒரு கறுப்பின இளைஞருக்காக வாதாடினார்கள். கறுப்பினத்தவருக்கென்று மாநிலத்தில் சட்டக் கல்லூரியே இல்லையே, பிறகு சமம் எங்கே? நீதிமன்றம் அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது.

ஹூஸ்டன் 1950-ல் மறைந்தார். 1954-ல் மார்ஷலும் அவருடைய தோழர்களும் வாதாடிய வழக்கில், பள்ளிகளில் பிரித்து வைப்பதே சமத்துவத்துக்கு விரோதம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். 1967-ல் மார்ஷல் அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

சட்டம் படிக்க விரும்புகிறவர்களே, ஏழைகளின் வழக்குகளில் மாணவர்கள் நேரடியாக உதவும் இலவச சட்ட உதவி மையம் உங்கள் கல்லூரியில் உண்டா என்று விசாரியுங்கள். மற்றவர்களுக்கும் வேலை உண்டு. சபையில் மொழி தெரியாத ஒரு பெரியவர் வாடகை ஒப்பந்தத்தை உங்களிடம் நீட்டினால், மொழிபெயர்த்துச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். இது நியாயம்தானா என்றும் கேளுங்கள்.