மின்னூற்பதிப்பில் மூலமும் வடிவமும்

ஒரு க்ரந்தத்தைப் பிழையறப் படியெடுப்பது ஒரு காரியம். அப்படியை வாசிப்பவர் தடுமாறாமல் பொருள் கொள்ளும்படி அமைத்து வைப்பது வேறொரு காரியம். அச்சுப்பிழை இல்லையேல் பதிப்பு நல்லது என்று கொள்வார் பலர். எழுத்தெல்லாம் சரியாயிருந்தும் எது மூலம், எது மேற்கோள், எது உரைகாரர் வாக்கு என்று பிரித்தறிய வொண்ணாத பதிப்புகளைக் கண்டு வருந்தியவர்கள் அவ்வாறு சொல்லார். இவ்விரண்டு காரியங்களுக்கும் உள்ள வேறுபாட்டை, ஆங்கில நூல்களைக் கணினிக்குக் கொண்டுவரும் தன்னார்வலர்களின் பணி நன்கு விளக்குகிறது. அவர்களுள் ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ் என்னும் குழுவினர் நடத்திவரும் இலவச மின்னூலகம், பாடபேதம் பார்த்துப் பழகிய நம்மவர் ஊன்றி நோக்கத் தக்கது.

இப்பணிக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. 1971ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த மைக்கேல் ஹார்ட் என்பவர், அந்நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தாமே தட்டச்சுச் செய்து, பிறரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் என்னும் நூலகத்துக்கு அதுவே முதல் நூல். அக்காலத்து இயந்திரம் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை மட்டுமே ஏற்றதால் நூல் முழுவதும் பெரிய எழுத்திலேயே அமைந்தது. 2011இல் தாம் மறையுமளவும் அவர் இத்தொண்டை விட்டாரில்லை.

ஒருவர் தனியே அமர்ந்து ஒரு நூல் முழுவதையும் சோதிப்பது அரிது. ஆகவே 2000ஆம் ஆண்டில் சார்லஸ் ஃப்ராங்க்ஸ் என்பவர் டிஸ்ட்ரிப்யூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ் என்னும் குழுவைத் தொடங்கினார். அச்சுநூலின் ஒரு பக்கத்துப் படம் திரையின் ஒரு பாகத்திலும், எழுத்துணரி மென்பொருள் அதிலிருந்து எடுத்துத் தந்த படி மற்றொரு பாகத்திலும் தோன்றும். தன்னார்வலர் இரண்டையும் ஒப்புநோக்கித் திருத்துவார். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகலாம். அடுத்த பக்கத்தை வேறொரு தேசத்தவர் பார்ப்பார். இவ்வாறு எழுத்தைச் சோதிக்க மூன்று சுற்று, வடிவத்தைக் குறிக்க இரண்டு சுற்று என வகுத்துக்கொண்டனர். எழுத்தையும் வடிவத்தையும் ஒருசேரப் பார்க்கப் புகுந்தால் இரண்டும் கெடும் என்பதை அவர்கள் அநுபவத்தில் கண்டிருக்கவேண்டும்.

எழுத்துணரி செய்யும் பிழைகள் விசித்திரமானவை. ஆங்கிலத்தில் ஆர், என் என்னும் இரண்டு எழுத்துகள் அச்சில் நெருங்கி விழுந்தால் எம் என்னும் ஓரெழுத்துப் போலத் தோன்றும். அதனால் நவீனம் என்று பொருள்படும் 'மாடர்ன்' என்னும் சொல், 'மோடம்' என்னும் கருவியின் பெயராகிவிடும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்களாதலால் சொற்பிழை காட்டும் மென்பொருள் இதனைக் கண்டுபிடியாது. பொருளறிந்து வாசிப்பவரே பிடிக்கமுடியும். ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. புள்ளி இராது, எகர ஏகார பேதம் இராது, ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். அங்கும் இடமும் பொருளும் அறிந்தே எழுத்தைத் தீர்மானிக்கவேண்டும். எங்கள் இல்லத்தில் ஒருவர் சுவடியை உரக்க வாசிக்க, மற்றொருவர் படியைப் பார்த்துக்கொண்டே வருவார். கண் தாண்டிப் போனதைக் காது பிடித்துக்கொள்ளும். ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ் குழுவினரும், நூலை ஏற்ற தன்னார்வலர் அதனை முதலிலிருந்து கடைசிவரை ஒரு வாசகராக இருந்து வாசித்தே தீரவேண்டும் என்று விதித்திருக்கின்றனர்.

குட்டன்பர்க் நூல்கள் நெடுங்காலம் வெறும் எழுத்துப் படிகளாகவே வந்தன. எந்தக் கணினியிலும் திறக்கவேண்டும், எக்காலத்தும் அழியாமலிருக்கவேண்டும் என்பது ஹார்ட்டின் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது, அதற்குக் கொடுத்த விலை வடிவம். அச்சில் சாய்வெழுத்தாயிருந்த சொல்லின் இருபுறமும் அடிக்கோடு இட்டுவைத்தனர். நீண்ட கோட்டுக்கு இரண்டு சிறு கோடுகள்; திறக்கும் மேற்கோட்குறிக்கும் மூடும் மேற்கோட்குறிக்கும் ஒரே நிமிர்ந்த கோடு. பிற்பாடு வடிவமைத்த படிகளும் வெளிவந்தன. ஆனால் ஆளுக்கொரு முறையாக அமைந்தன. இவற்றையெல்லாம் ஒரே சீராக அமைக்கவேண்டும் என்று அலெக்ஸ் கபால் என்பவர் தொடங்கியதே ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ். 2024ஆம் ஆண்டில் அதன் 1000ஆவது நூலாக ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய 'யுலிஸீஸ்' வெளிவந்தது. குட்டன்பர்க்கின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. ஒவ்வொரு நூலுக்கும் செலவாகும் உழைப்பைப் பார்த்தால் சிறிதன்று.

அவர்கள் பெரும்பாலும் குட்டன்பர்க்கின் படியை எடுத்துக்கொண்டு, இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்தி டிரஸ்ட் முதலிய இடங்களில் உள்ள பழைய அச்சுப் பக்கங்களின் படத்தோடு ஒப்பிடுகின்றனர். குறியீடுகளை எங்ஙனம் இடுவது, அத்தியாயத் தலைப்பை எங்ஙனம் அமைப்பது, கடிதம், கவிதை, நாடக உரையாடல் இவற்றை எங்ஙனம் வேறுபடுத்துவது என்று விரிவான விதிநூல் ஒன்றை வகுத்திருக்கின்றனர். அதில் சாய்வெழுத்தைப் பற்றிய பகுதியே நமக்கு மிகவும் உபயோகமானது.

ஆங்கில அச்சில் ஒரு சொல்லைச் சாய்த்து எழுதுவதற்குப் பல காரணங்கள் உண்டு. பேசுபவர் அச்சொல்லை அழுத்திச் சொன்னார் என்று காட்டுவதற்காகச் சாய்ப்பர். அது ஒரு நூலின் பெயர் என்பதற்காகவும் சாய்ப்பர். கப்பலின் பெயரும் சாயும். லத்தீன், ஃப்ரெஞ்சு முதலிய அந்நிய பாஷைச் சொல்லும் சாயும். கண்ணுக்கு நான்கும் ஒன்றே. பொருளில் நான்கும் வெவ்வேறு. ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ் குழுவினர் இவற்றுக்குத் தனித்தனிக் குறி இடுகின்றனர். அக்குறி வாசகர் கண்ணுக்குத் தெரியாது. கோப்பின் உள்ளே நிற்கும்.

தெரியாத குறிக்கு இவ்வளவு உழைப்பு எதற்கு என்னில், நூலை எல்லோரும் கண்ணால் வாசிப்பதில்லை. பார்வையற்றவருக்குக் கருவி உரக்க வாசிக்கிறது. ஆங்கிலத்தில் 'சாட்' என்று ஒலித்து அரட்டையைக் குறிக்கும் நான்கெழுத்துச் சொல், அதே எழுத்துகளோடு ஃப்ரெஞ்சில் 'ஷா' என்று ஒலித்துப் பூனையைக் குறிக்கும். இச்சொல் இன்ன பாஷை என்ற குறி இருந்தால்தான் கருவி அதைப் பூனையாக வாசிக்கும். அரசர் பெயரோடு வரும் ரோமன் இலக்கத்துக்கும் அவ்வாறே குறி உண்டு. இல்லையேல் அதை எழுத்தாக வாசித்துவிடக்கூடும். ஆகவே இக்குறியிடுதல் வெறும் அலங்காரமன்று. ஒவ்வொரு சொல்லையும் 'இது இங்கே எதற்காக நிற்கிறது' என்று கேட்டுத் தீர்மானிக்கும் வேலை. சுருங்கச் சொன்னால் அதுவும் ஒரு வியாக்யானமே.

எழுபதைக் கடந்த கண்களுக்கு வேறோர் உபகாரமும் இதில் உண்டு. எழுத்தை வேண்டிய அளவு பெருக்கிக்கொள்ளலாம். வரி தானே மடிந்து பக்கத்துக்குள் அமையும். பக்கத்தை அப்படியே படம் பிடித்த கோப்பில் எழுத்தைப் பெருக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஒரு சுலோகத்தை இடமும் வலமுமாக இழுத்து இழுத்து வாசித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி ஓர் ஆக்ஷேபம். இக்குழுவினர் பழைய எழுத்துமுறையைப் புதிதாக்குகின்றனர். முற்காலத்தில் இடையில் சிறு கோடிட்டு எழுதப்பட்ட 'டு-டே' என்னும் சொல்லை ஒரே சொல்லாக்குவர். பிரித்தெழுதிய 'எனி ஒன்' என்பதைச் சேர்ப்பர். நூலாசிரியன் எழுதியதை மாற்ற இவர்களுக்கு என்ன அதிகாரம்?

இதற்கு அவர்கள் இரண்டு எல்லைகள் வைத்திருக்கின்றனர். ஒலி மாறாத இடத்தில் மட்டுமே எழுத்தை மாற்றலாம் என்பது ஒன்று. சொல்லை மாற்றுவதும், இக்காலத்துக்கு ஒவ்வாததென்று வாக்கியத்தை நீக்குவதும் கூடா. மற்றொன்று, செய்த மாற்றம் ஒவ்வொன்றும் யார், எப்பொழுது, எதை என்ற விவரத்தோடு கிட் என்னும் மென்பொருளில் பதிவாகவேண்டும் என்பது. எழுத்துமுறை மாற்றங்களைப் பிற திருத்தங்களோடு கலவாமல் தனியே பெயரிட்டுப் பதிகின்றனர். வேண்டாதவர் அவற்றை மட்டும் விலக்கி மூலத்தைப் பெறலாம்.

இதில் முதல் எல்லையை நாமும் அறியாமலே கைக்கொண்டிருக்கிறோம். 'தர்ம்ம', 'கர்ம்ம' என்று ரேபத்தின் பின் இரட்டித்து எழுதிய சுவடிகளை 'தர்ம', 'கர்ம' என்றே அச்சிட்டு வருகிறோம். தமிழக அரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் ணை, லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்களை மாற்றி எத்தனையோ நூல்கள் மறுபதிப்பாயின. பெரும்பாலும் ஒரு குறிப்புகூட இல்லாமல். நம்மிடம் குறைவது இரண்டாவது எல்லைதான். 'பல பிரதிகளைக் கொண்டு பரிசோதித்து' என்று முகப்பில் இருக்கும்; எந்தப் பிரதியில் எந்தப் பாடம், எதை எதற்காகத் தள்ளினார்கள் என்று உள்ளே தேடினால் கிடைக்காது. ஆயினும் அடியேனுக்கு அவர்கள் மதத்தில் முழு உடன்பாடு இல்லை. செய்யுளில் எழுத்தின் உருவமே சில இடங்களில் ப்ரமாணமாகும். அங்கே ஒலி மாறாமை போதாது. பிரிட்டிஷ் எழுத்துமுறையை அப்படியே வைத்துக்கொண்டு மேற்கோட்குறிகளை மட்டும் அமெரிக்க முறைக்கு மாற்றுவதற்கும் சீர்மை என்பதன்றி வேறு நியாயம் தெரியவில்லை.

உரிமை பற்றிய செய்தி ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்கச் சட்டப்படி பழைய வெளியீடுகள் 95 ஆண்டுகள் கழிந்து பொதுவுடைமையாகின்றன. ஆகவே ஜனவரி முதல் நாள்தோறும் ஓராண்டின் நூல்கள் விடுபடும். அந்நாளை எதிர்பார்த்து முன்பே நூல்களை ஆயத்தம் செய்து வைப்பர். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் என்பது பொது விதி. மூலம் எவருக்கும் உரியதாயிருக்கலாம். அண்மையில் ஒருவர் எழுதிச் சேர்த்த முன்னுரையும் குறிப்புரையும் அவருடையவை. இப்பேதத்தைப் பாராமல் புத்தகத்தை அட்டையோடு படமெடுத்து இணையத்தில் இடுவது நம்மவரிடையே மலிந்துவிட்டது. ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ் குழுவினர் முகப்பில் இடும் பழைய ஓவியத்துக்குக்கூட அது பொதுவுடைமை என்பதற்கு ஆதாரம் காட்டுமாறு கேட்கின்றனர்.

தங்கள் உழைப்பின்மேல் உள்ள உரிமை முழுவதையும் அவர்கள் துறந்துவிடுகின்றனர். எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். உரிமையைத் துறந்தாலும் பெயரை மறைப்பதில்லை. நூலின் கடைசியில் ஒரு பக்கம் உண்டு. இன்னார் எழுதிய நூல். இன்ன ஆண்டில் இன்னார் குட்டன்பர்க்குக்காகப் படியெடுத்தது. இன்ன இடத்துப் படங்களைக் கொண்டு இன்னார் இப்பதிப்பை அமைத்தார். முகப்போவியம் இன்னார் வரைந்தது என்று வரிசையாக இருக்கும். சுவடியின் முடிவில் எழுதியவன் தன் பெயரும், எழுதி முடித்த வருஷமும் மாதமும் நாளும் குறித்துவைப்பதைக் கண்டவர்களுக்கு இப்பக்கம் அந்நியமாகத் தோன்றாது. வாசகர் பிழை கண்டு தெரிவித்தால் திருத்திய பதிப்பே அடுத்து எடுப்பவருக்குக் கிடைக்கும். அச்சுநூலில் ஒட்டிய பிழைதிருத்தத் தாள் முதலில் உதிர்ந்துபோகும் தாளல்லவா?

தமிழில் இத்தகைய தொண்டு இல்லாமலில்லை. கல்யாணசுந்தரம் அவர்கள் ஸ்விட்சர்லாந்திலிருந்து 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல தேசத்துத் தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்த நூல்களுள் நாலாயிர திவ்யப்ரபந்தமும் உண்டு. மூலத்தை எழுத்தளவில் காத்தது பெரிய காரியம். வடிவமும் குறியும் வேண்டப்படுவது வியாக்யானங்களுக்கு வரும்பொழுதுதான். அங்கே பாசுரம் ஒன்று. அதிலிருந்து எடுத்த ப்ரதீகம் ஒன்று. ச்ருதி ஸ்ம்ருதி முதலியவற்றின் ப்ரமாண வாக்யம் ஒன்று. வேறு பாசுரத்திலிருந்து காட்டிய மேற்கோள் ஒன்று. வியாக்யாதாவின் வாக்கு ஒன்று. அச்சில் தடித்த எழுத்து ஒன்றையே ப்ரதீகத்துக்கும் தலைப்புக்கும் சில சமயம் ப்ரமாணத்துக்கும் பயன்படுத்திவிடுகின்றனர். ஆங்கிலத்துச் சாய்வெழுத்தின் கதைதான். இவற்றுக்குத் தனித்தனிக் குறி இட்டால், ஒரு பாசுரத்தின் ஒரு சொல் எந்தெந்த வியாக்யானத்தில் ப்ரதீகமாக எடுக்கப்பட்டது என்பதை நொடியில் தொகுத்துவிடலாம்.

ஆனால் பாஷைக் குறி இடுவதில் அவர்களுக்கு நேராத சங்கடம் நமக்கு உண்டு. ஆங்கில நூலில் ஃப்ரெஞ்சுச் சொல் தனியே நிற்கும். மணிப்ரவாளத்தில் 'ஜகத்காரணத்வத்தாலே', 'அநுஸந்திக்கிறார்' என்னும் சொற்களை எங்கே வெட்டுவது? பகுதி வடமொழி; விகுதி தமிழ்; இடையில் புணர்ச்சி இரண்டையும் பிரிக்கவொண்ணாதபடி பிணைத்திருக்கிறது. தமிழ் விகுதி ஏற்று வாக்கியத்தில் முடிபு கொள்ளுகிற சொல்லைத் தமிழ் என்றே குறித்து, முழுவாக்யமாக வரும் ப்ரமாணத்துக்கு மட்டும் ஸம்ஸ்க்ருதக் குறி இடுவது தகும் என்பது அடியேன் மதம். வர்க்க எழுத்துகளைக் காட்டக் ககரம் முதலியவற்றின் தலைமேல் இடும் 2, 3, 4 என்னும் சிற்றெண்கள் பற்றியும் முன்பே ஒரு தீர்மானம் வேண்டும். குறியின்றி விட்டால் உரக்க வாசிக்கும் கருவி 'க' என்பதன் பின் 'மூன்று' என்று எண்ணையும் சேர்த்தே வாசித்துவிடக்கூடும்.